குடலில் துளையை மூடும் கருவிகள்: எந்தச் சோதனையை நம்புவது?

போர்கோ வெக்கியோ, பலெர்மோ

வயிற்றைக் கிழிக்காமல், வாய், ஆசனவாய் போன்ற இயற்கையான வழிகளில் எண்டோஸ்கோப்பைச் செலுத்திச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகள் மருத்துவ உலகில் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. உள்ளே செல்வது எப்படி என்ற கேள்விக்கு விடை விரைவாகவே கிடைத்தது. வெளியே வரும்போது இரைப்பையிலோ குடலிலோ விட்டுவரும் துளையை எப்படி மூடுவது, மூடியது தாங்கும் என்பதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்விகளே இத்துறையின் போக்கைத் தீர்மானித்தன.

இது மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய விவாதம் அல்ல. இத்தாலியில் 50 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு, மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவசமாக வழங்கப்படுகிறது. முடிவு ஐயத்துக்கு இடமளித்தால் அடுத்த கட்டம் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி. சிசிலியின் தலைநகரான பலெர்மோவுக்கு 1980களிலிருந்து வந்து, துறைமுகத்தை ஒட்டிய போர்கோ வெக்கியோ போன்ற பழைய குடியிருப்புகளிலும் நகரின் பிற பகுதிகளிலும் வாழ்க்கையைத் தொடங்கிய இலங்கைத் தமிழர்களின் முதல் தலைமுறை இப்போது அந்த வயதை எட்டியிருக்கிறது. பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தும், இத்தாலிய முதியவர்களைப் பராமரித்தும் உழைத்த அவர்கள், இன்று தாங்களே மருத்துவமனைப் படிவங்களில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அந்தப் படிவத்தில் 'பெர்ஃபொராட்சியோனே' என்ற சொல் இருக்கும். குடலில் ஓட்டை விழும் வாய்ப்பு என்பதே அதன் பொருள். இத்தாலிய மொழியில் படித்து வளர்ந்த மகனோ மகளோ அதை மொழிபெயர்த்துச் சொன்னவுடன், சோதனையே வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களும் உண்டு.

நோய் கண்டறிவதற்காக மட்டும் செய்யப்படும் பெருங்குடல் எண்டோஸ்கோப்பியில் துளை விழுவது மிகவும் அரிது. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பெரிய கட்டிகளைக் குடல் சுவரின் அடுக்குகளிலிருந்து உரித்தெடுக்கும் சிகிச்சைகளில் இந்த விகிதம் சில சதவீதம் வரை உயர்கிறது. அப்போது மருத்துவரின் கையில் இருக்கும் மூடும் கருவி எத்தகையது, அது எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதே, நோயாளி மறுநாள் எழுந்து நடப்பாரா, அவசர அறுவைச் சிகிச்சைக்குச் செல்வாரா என்பதை முடிவு செய்கிறது.

பன்றியில் தொடங்கி ஹைதராபாத் வரை

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன்டனி கல்லூ என்ற மருத்துவரின் குழு, பன்றிகளின் இரைப்பையில் துளையிட்டு எண்டோஸ்கோப்பை வயிற்றறைக்குள் செலுத்த முடியும் என்பதை 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் காட்டியது. கல்லூ டிரினிடாட்டில் பிறந்தவர். இந்த அணுகுமுறை பின்னர் ஆங்கில முதலெழுத்துகளின் சேர்க்கையால் 'நோட்ஸ்' என்று அழைக்கப்பட்டது.

பன்றிகளைத் தாண்டி மனிதர்களிடம் இதைச் செய்து பார்த்த முதல் குழுக்களில் ஒன்று இந்தியாவில் இருந்தது. ஹைதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடல் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ஜி.வி.ராவ், டி.நாகேஸ்வர ரெட்டி ஆகியோர் வாய்வழியாக, இரைப்பையைத் துளைத்துச் சென்று குடல்வாலை அகற்றினர். வயிற்றுத் தோலில் கடும் தீக்காயத் தழும்புகள் இருந்த நோயாளிக்கு வெளியிலிருந்து வெட்டுவது கடினம் என்பதே அந்த முயற்சிக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அனுபவம் முதலில் மாநாட்டு மேடைகளில் ஒளிப்படக் காட்சியாகவே உலகுக்குத் தெரியவந்தது. விரிவான ஆய்வுக் கட்டுரையாக அல்ல. இத்துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் அனைவரும் மேற்கோள் காட்டும் நிகழ்வு ஒன்று, எண்ணிச் சரிபார்க்கக்கூடிய தரவாக வெளிவராமல் போனது வருந்தத்தக்கதே. ரெட்டிக்கு 2025 ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில், கோயம்புத்தூரின் ஜெம் மருத்துவமனையைச் சேர்ந்த சி.பழனிவேலுவின் குழு வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. யோனி வழியாகக் குடல்வாலை அகற்றிய அனுபவத்தை அக்குழு 2008 ஆம் ஆண்டில் சர்வதேச அறுவைச் சிகிச்சை ஏடு ஒன்றில் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜாக் மாரெஸ்கோவின் குழு இதே வழியாகப் பித்தப்பையை அகற்றியிருந்தது.

யோனி வழி ஏன் முந்திக்கொண்டது? அங்கு இடப்படும் வெட்டை மருத்துவர் கண்ணால் பார்த்து, வழக்கமான ஊசி நூலால் தைத்துவிட முடியும். புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஜெர்மனியின் தேசியப் பதிவேடு 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட 551 நோயாளிகளின் விவரங்களில் மிகப் பெரும்பான்மை பித்தப்பை அறுவைச் சிகிச்சைகளே. கருவியோ திறமையோ அல்ல, மூடுவதில் இருந்த எளிமையே அந்த வழியைத் தேர்ந்தெடுக்க வைத்தது. ஆண்களுக்கு அந்த வழி இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் எண்டோஸ்கோப்பி மருத்துவர் சங்கமும் எண்டோஸ்கோப்பி அறுவைச் சிகிச்சையாளர் சங்கமும் 2005 ஆம் ஆண்டில் கூடி, இத்துறையின் தடைகளைப் பட்டியலிட்டு ஒரு வெள்ளை அறிக்கையைத் தயாரித்தன. வயிற்றறையை அடைவது, துளையை மூடுவது, நோய்த்தொற்றைத் தடுப்பது ஆகியவை அப்பட்டியலின் முன்வரிசையில் இடம்பெற்றன. இரைப்பையை மூடுவதில் நூற்றுக்கு நூறு நம்பகம் வேண்டும் என்ற கருத்து அப்போதே வலுவாக இருந்தது. காரணம் எளிது. லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டுச் செய்யும் சிகிச்சை ஏற்கெனவே பாதுகாப்பானது. அதில் எஞ்சுவது தோலில் சிறு தழும்புகள் மட்டுமே. அந்தத் தழும்பைத் தவிர்ப்பதற்காக, நலமாக இருந்த ஓர் உறுப்பில் ஓட்டை போட்டுவிட்டு, அது கசிந்தால் வயிற்றறை முழுவதும் சீழ் பிடிக்கும் ஆபத்தை ஏற்பது எந்தக் கணக்கிலும் சரியாக வராது.

கருவிகள் செய்வது என்ன

எண்டோஸ்கோப்பின் உட்குழல் வழியாகச் செல்லும் சிறு கிளிப்புகளே மிகப் பழையவை. இரத்தக் கசிவை நிறுத்த உருவாக்கப்பட்டவை இவை. துணி காயப்போடும் கவ்விபோல இரு விளிம்புகளையும் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் உட்படலத்தை மட்டுமே பிடிக்கின்றன. அடியில் இருக்கும் தசை அடுக்கு பிரிந்தே கிடக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளைகளுக்கு இவை போதும் என்பது பொதுவான அனுபவம்.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரைச் சேர்ந்த ஓவெஸ்கோ நிறுவனத்தின் கிளிப் வேறு வகை. நிக்கல், டைட்டேனியம் கலந்த நிட்டினால் என்ற உலோகத்தால் ஆன இது, எண்டோஸ்கோப்பின் முனையில் தொப்பிபோல் பொருத்தப்படுகிறது. துளையின் விளிம்புகளைத் தொப்பிக்குள் உறிஞ்சி இழுத்து விடுவித்தால், கரடியின் நகங்களைப்போல் இரு வரிசைப் பற்கள் சுவரின் முழுத் தடிப்பையும் கவ்விக்கொள்கின்றன. அமெரிக்காவின் அப்பல்லோ எண்டோசர்ஜரி நிறுவனம் உருவாக்கிய 'ஓவர்ஸ்டிட்ச்' கருவியோ வளைந்த ஊசியால் உள்ளிருந்தே தைக்கிறது. 2023 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை பாஸ்டன் சயின்டிஃபிக் வாங்கியது. திருகாணி வடிவ ஆணிகளை விளிம்புகளில் பதித்து, அவற்றைக் கோர்த்த நூலை இறுக்கும் 'எக்ஸ்-டேக்' என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2020 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

இவற்றுக்கு முன் வந்து மறைந்தவை பல. நூலின் நுனியில் குறுக்குக் கம்பியைக் கட்டி, ஊசி வழியாகச் சுவருக்கு அப்பால் தள்ளிவிடும் முறை அவற்றுள் ஒன்று. ஊசி சுவரைக் கடந்த பிறகு எங்கே போகிறது என்பதை மருத்துவரால் பார்க்க முடியாது. மறுபுறம் கல்லீரலோ வேறொரு குடல் வளையமோ இருக்கலாம்.

தண்ணீர்த் தொட்டியில் ஒரு இரைப்பை

மூடும் கருவிகளின் முதல் சோதனை வியப்பளிக்கும் அளவுக்கு எளிமையானது. மிதிவண்டிக் கடையில் பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்துப் பார்ப்பதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இறைச்சிக் கூடத்திலிருந்து பெறப்பட்ட பன்றியின் இரைப்பையிலோ குடலிலோ துளையிட்டு, அதைக் கருவியால் மூடி, நீரில் வைத்து, அழுத்தமானி இணைத்துக் காற்றைச் செலுத்துவார்கள். முதல் குமிழி வரும் அழுத்தமே விடை.

அமெரிக்க ஆய்வாளர்கள் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட இத்தகைய ஒப்பீடு ஒன்றின் எண்கள் கவனிக்கத்தக்கவை. மூடப்படாத துளை சராசரியாக 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திலேயே காற்றை விட்டது. சாதாரணக் கிளிப்புகளால் மூடியபோது அது 34 ஆக உயர்ந்தது. அறுவைச் சிகிச்சை மருத்துவர் கையால் தைத்தவை 52 வரை தாங்கின. சோதனை நிலையில் இருந்த புதிய தையல் கருவி ஒன்று 85 வரை தாங்கியது. கருவி மனிதக் கையை வென்றுவிட்டதாக இதை வாசிக்கலாம். ஆனால் கையால் தைத்தவற்றுக்கு இடையிலேயே வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது.

சரி, எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கினால் போதும்? இங்குதான் பல கட்டுரைகள் வாசகரைத் தவறான திசையில் கொண்டு செல்கின்றன. நலமாக உள்ள 20 இளையோரிடம் 2005 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், இருமும்போது வயிற்றறையின் அழுத்தம் 107 மில்லிமீட்டர் வரையும், குதிக்கும்போது 171 வரையும் உயர்ந்தது. அப்படியானால் 85 தாங்கும் கருவி ஒரு இருமலிலேயே பிய்ந்துவிடாதா? பிய்ந்துவிடாது. இருமும்போது அழுத்தம் குடலின் உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுகிறது. சுவரை இழுப்பது இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே. தொட்டியில் உள்ள இரைப்பைக்கு வெளியே வயிற்றுத் தசையும் இல்லை, பக்கத்து உறுப்பும் இல்லை. எனவே அந்த எண் கருவிகளைத் தமக்குள் ஒப்பிட உதவும்; நோயாளியின் உடலில் என்ன நடக்கும் என்று சொல்லாது.

இறந்த திசு ஆறுவதும் இல்லை, வீங்குவதும் இல்லை. உயிருள்ள பெருங்குடலில் போடப்படும் தையல் போட்ட அன்று ஒரு வலுவோடு இருக்கும். பழைய கொலாஜன் இழைகள் கரைந்து புதியவை உருவாகும் இடைவெளியில், அதாவது மூன்றாம் நான்காம் நாள் வாக்கில், மிகவும் பலவீனமடையும். கசிவுகள் அந்த நாள்களை ஒட்டியே பெரும்பாலும் தலைகாட்டுகின்றன. அத்துடன் பெருங்குடலில் ஒரு கிராம் கழிவில் பத்தாயிரம் கோடி என்ற அளவில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அமிலம் நிறைந்த இரைப்பையில் தேறிய கருவி அங்கும் தேறும் என்று கருத இடமில்லை.

ஆகவே அடுத்த படியாக உயிருள்ள பன்றிகள். மயக்கத்தில் துளையிட்டு, மூடி, இரண்டு வாரங்கள் வளர்த்து, பின்னர் உடலைத் திறந்து சீழ் கட்டியிருக்கிறதா, உறுப்புகள் ஒட்டிக்கொண்டனவா, காயம் முழுத் தடிப்பிலும் ஆறியதா என்று பார்ப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய சோதனைகளை 2010 ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு ஆணை கட்டுப்படுத்துகிறது. இத்தாலி 2014 ஆம் ஆண்டில் அதைத் தன் சட்டமாக்கியது. விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

அந்த நியாயமான கட்டுப்பாடு ஒரு கணக்குச் சிக்கலையும் கொண்டுவருகிறது. பத்துப் பன்றிகளில் ஒன்றில்கூடக் கசிவு இல்லை என்று ஓர் ஆய்வு கூறினால், வாசிப்பவர் 'கசிவே இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார். புள்ளியியலில் இதற்கென்று எளிய விதி ஒன்று உண்டு: தோல்வியே காணப்படாத சோதனையில், மூன்றைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான தோல்வி விகிதத்தின் மேல் எல்லை. முப்பது விலங்குகளில் தோல்வி இல்லை என்றால், உண்மை விகிதம் பத்து சதவீதம் வரை இருக்கலாம். ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்ல முந்நூறு வேண்டும். நூற்றுக்கு நூறு வேண்டும் என்று அறிஞர்கள் கேட்டதற்கும், பத்துப் பன்றிகளில் தேறிய கருவி சந்தைக்கு வந்ததற்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

மனிதர்களிடம் கிடைத்த விடை

நிட்டினால் கிளிப்பைப் பற்றி ஐரோப்பிய மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய ஆய்வு 2012 ஆம் ஆண்டில் வெளியானது. சிகிச்சையின்போது தற்செயலாகத் துளை விழுந்த 36 நோயாளிகளில் 89 சதவீதத்தினருக்கு அறுவைச் சிகிச்சையின்றிக் குணமானது. பெருங்குடல் துளை ஏற்பட்டவர்கள் அவர்களில் 13 பேர். முன்பெல்லாம் இவர்களில் பலருக்கு உடனே வயிற்றைத் திறந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். அதேவேளை, பத்தில் ஒருவருக்குத் தோல்வி என்பது அவசர நிலையில் ஏற்கத்தக்கது. வேண்டுமென்றே இடப்படும் துளைக்கு ஏற்கத்தக்கதல்ல. ஒரே கருவி, ஒரே எண். ஆனால் கேள்வியைப் பொறுத்து விடை மாறுகிறது.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேறும் வழிகள் இரண்டு திசைகளிலிருந்து வந்தன. முதலாவது ஜப்பானிலிருந்து. ஹருஹிரோ இனோவே 2008 ஆம் ஆண்டில் உணவுக்குழாயின் உட்படலத்துக்கும் தசைக்கும் இடையே சுரங்கம்போல் ஒரு பாதை அமைத்து, அதன் வழியே சென்று தசையை வெட்டினார். உட்படலத்தில் உள்ள நுழைவாயிலும் தசையில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், படலமே கதவுபோல் மூடிக்கொள்கிறது. வெளிவாயிலுக்குச் சாதாரணக் கிளிப்புகளே போதும். விழுங்க முடியாமல் தவிக்கும் அக்கலேசியா நோயாளிகளுக்கு இன்று உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சை இது. சுவர் முழுவதையும் துளைத்து மூடும் தேவையையே இல்லாமல் செய்ததுதான் நோட்ஸ் ஆய்வுகளின் மிகப் பயனுள்ள விளைவு என்பது என் கருத்து.

இரண்டாவது, வெட்டிய பிறகு மூடுவதற்குப் பதிலாக மூடிய பிறகு வெட்டுவது. ஓவெஸ்கோ நிறுவனத்தின் முழுத்தடிப்பு அகற்றும் கருவி, கட்டியைத் தொப்பிக்குள் இழுத்து, அதன் அடியில் கிளிப்பைப் பொருத்தி, அதன் பின்னரே மேற்பகுதியை வெட்டுகிறது. குடல் ஒரு கணம்கூடத் திறந்திருப்பதில்லை. ஜெர்மனியில் 181 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 89.5 சதவீதத்தினருக்குத் தொழில்நுட்ப வெற்றியும், 76.9 சதவீதத்தினருக்கு விளிம்பில் நோய் எஞ்சாமல் கட்டியை முழுமையாக அகற்றியதும் பதிவாயின. பாதக விளைவுகள் 9.9 சதவீதம், அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 2.2 சதவீதம்.

பலெர்மோவிலும் இத்தகைய அனுபவம் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பங்கேற்புடன் இந்நகரில் அமைந்த இஸ்மெட் என்ற உறுப்பு மாற்று மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி பிரிவு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் குடற்சுவரில் ஏற்பட்ட பிளவுகளை ஓவர்ஸ்டிட்ச் கருவியால் தைத்த தனது அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டுள்ளது. ஆனால் இது தேர்ச்சி பெற்ற மையம் ஒன்றின் விவரம். எல்லா மருத்துவமனைகளிலும் அதே கை இருக்காது. துளை விழுந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு மையமும் எழுத்து வடிவில் வகுத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் வழிகாட்டியிருப்பதன் காரணமும் இதுவே.

அனுமதியும் அட்டையும்

அமெரிக்காவில் இக்கருவிகளில் பல, ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு இணையானது என்று காட்டினால் போதும் என்ற எளிய வழியிலேயே அனுமதி பெற்றன. பெரிய மனிதச் சோதனை அதற்குக் கட்டாயம் அல்ல. ஐரோப்பாவிலோ அரசு அமைப்பு அல்ல, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களே சான்று வழங்குகின்றன. அந்த முறையின் ஓட்டையை நெதர்லாந்துப் பத்திரிகையாளர் யெட் ஸ்கவுட்டன் அம்பலப்படுத்தினார். ஆரஞ்சுப் பழங்களை விற்கும் வலைப்பையை, பெண்களின் உடலில் பொருத்தும் மருத்துவ வலை என்று காட்டி அவர் இந்நிறுவனங்களை அணுகியபோது, ஆவணங்கள் ஏற்கத்தக்கவை என்ற பதில் அவருக்குக் கிடைத்தது. 2018 ஆம் ஆண்டில் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து வெளியிட்ட புலனாய்வுக்கு அது முன்னோடியாயிற்று.

2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய மருத்துவக் கருவி ஒழுங்குமுறை, மருத்துவச் சான்றுகளைக் கடுமையாகக் கேட்கிறது. பழைய சான்றிதழ்களுக்கான அவகாசம் பின்னர் 2027, 2028 வரை நீட்டிக்கப்பட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. இலங்கையில் 2015 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபை இப்பொறுப்பை ஏற்றுள்ளது.

புலம்பெயர்ந்தவர்களை நேரடியாகத் தொடும் ஒரு விதி ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 18 ஆவது பிரிவில் இருக்கிறது. உடலுக்குள் பொருத்தப்படும் சாதனத்தின் பெயர், எண், தயாரிப்பாளர் ஆகிய விவரங்களைக் கொண்ட அட்டை நோயாளிக்கு வழங்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனால் அதே பிரிவு சிலவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. தையல்கள், பல் நிரப்பிகள், திருகாணிகள் ஆகியவற்றோடு கிளிப்புகளும் அந்த விலக்குப் பட்டியலில் உள்ளன.

நிட்டினால் கிளிப் சிலருக்குத் தானாகக் கழன்று வெளியேறும். சிலருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அதை வெட்டி எடுப்பதற்கென்றே தனிக் கருவி உண்டு. காந்த அதிர்வு ஸ்கேன் எடுக்கும் முன், உள்ளே என்ன உலோகம் இருக்கிறது, எந்த வலிமையுள்ள காந்தத்தில் அது பாதுகாப்பானது என்று ஸ்கேன் மையம் கேட்கும். பலெர்மோவில் சிகிச்சை பெற்றவர் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ சென்றிருக்கும்போது அந்தக் கேள்வி எழுந்தால், கையில் இருக்கக்கூடியது மருத்துவமனை தரும் சிகிச்சை அறிக்கை மட்டுமே. அதில் கருவியின் பெயரையும் வகையையும் எழுதித் தருமாறு கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. இத்தாலியில் 2017 ஆம் ஆண்டின் 219 ஆவது சட்டம், தனக்குச் செய்யப்படும் சிகிச்சையைப் பற்றி முழுமையாகவும் தனக்குப் புரியும் வகையிலும் அறியும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. அறிக்கை இத்தாலிய மொழியில்தான் இருக்கும். கிளிப்பின் வணிகப் பெயர் எந்த நாட்டு ஸ்கேன் மையத்துக்கும் புரியும்.